ஒரே ஊருணி, ஐந்து ஆப்ஷன்: வாதத்தைப் பலவீனப்படுத்தும் விடை எது?

போட்டித் தேர்வுகளில் ஒரு வாதத்தைக் கொடுத்து அலசச் சொல்லும் கிரிட்டிக்கல் ரீசனிங் பகுதியில் நம் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது ஒரு கேள்வியில்தான்: ‘கீழ்க்கண்டவற்றுள் எது உண்மையானால் மேற்கண்ட வாதம் பலவீனமாகும்?’ ஐந்து ஆப்ஷனில் மூன்றை அரை நிமிடத்தில் அடித்துவிடுவார்கள். மிச்சமுள்ள இரண்டில் எதை எடுப்பது என்று தெரியாமல் இரண்டு நிமிடம் உட்கார்ந்திருப்பார்கள். கடைசியில் எது கேட்க ஓங்கி ஒலிக்கிறதோ அதைத் தொட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள்.

காரைக்குடியில் மாலை நேரத்தில் சட்டப் படிப்புக்கான கிளாட், வங்கித் தேர்வு, மேலாண்மைப் படிப்புக்கான ஜிமேட் என்று வெவ்வேறு தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளோடு உட்காருகிறேன். தேர்வு எதுவானாலும் தடுமாற்றம் ஒன்றுதான். ஆப்ஷனை ஆப்ஷனோடு ஒப்பிடுகிறார்கள். ‘இது பலமா, அது பலமா’ என்று பார்க்கிறார்கள். ஆப்ஷனுக்கென்று தனியாகப் பலம் எதுவும் கிடையாது. வாதத்தின் முடிவு வரியோடு சேர்த்து வைக்கும்போதுதான் அதற்குப் பலம் வருகிறது அல்லது போகிறது. முடிவு வரி கொஞ்சம் மாறினால் போதும், சற்று முன் தள்ளிவிட்ட ஆப்ஷனே சரியான விடையாகிவிடும்.

இதைச் சொன்னால் பிள்ளைகள் தலையாட்டுவார்கள், ஆனால் செய்து காட்டினால்தான் மனதில் தங்கும். அதனால் ஒரே ஒரு வாதத்தை எடுத்து, அதே ஐந்து ஆப்ஷன்களை வைத்துக்கொண்டு முடிவு வரியை மட்டும் மாற்றி மாற்றிப் பார்க்கப்போகிறேன். வாதம் நான் எழுதியது, ஊரும் கற்பனைதான்.

செட்டிநாட்டில் ஒரு பேரூராட்சி. சென்ற கோடையில் ஊர் நடுவில் இருக்கும் ஊருணியைத் தூர்வாரினார்கள். இந்தக் கோடையில், ஊருணியைச் சுற்றியுள்ள தெருக்களில் பல கிணறுகளில் நீர்மட்டம் போன கோடையைவிடக் கூடியிருக்கிறது. ஆகவே, கிணற்று நீர் கூடியதற்கு ஊருணியைத் தூர்வாரியதே காரணம்.

எது உண்மையானால் இந்த வாதம் பலவீனமாகும்?

அ) தூர்வார ஆன செலவு, திட்டமிட்டதைப் போல இருமடங்கு.
ஆ) ஊருணியின் நீர் ஊறி எட்ட வழியே இல்லாத தொலைவுத் தெருக்களிலும் கிணறுகளில் அதே அளவு நீர்மட்டம் கூடியிருக்கிறது.
இ) ஊருணியைச் சுற்றியுள்ள தெருக்களில் சில கிணறுகளில் நீர்மட்டம் கூடவில்லை.
ஈ) இடையில் வந்த வடகிழக்குப் பருவமழை, அதற்கு முந்தைய ஆண்டைவிடக் குறைவாகவே பெய்தது.
உ) ஊருணி நீரைக் குடிக்கக் கூடாது என்று பேரூராட்சி அறிவித்திருக்கிறது.

அ, உ இரண்டும் இங்கே வேலைக்கு ஆகாது. இருமடங்கு செலவானது வருத்தமான செய்தி, கணக்குக் கேட்க வேண்டிய செய்தி. ஆனால் கிணற்றில் நீர் கூடியதற்குக் காரணம் எது என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. உ-வும் அப்படித்தான். குடிக்க உதவாத தண்ணீரும் நிலத்தில் ஊறும், கிணற்றில் சுரக்கும்.

இ-யைப் பாருங்கள். ‘கூடவில்லை’ என்ற சொல் இருப்பதால் வாதத்துக்கு எதிராக நிற்பதுபோல் தெரியும். ஆனால் வாதம் ‘பல கிணறுகள்’ என்றுதான் சொன்னது. பல கிணறுகளில் கூடியதும் சிலவற்றில் கூடாததும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். ஒரு கிணற்றின் ஊற்றுக்கண் அடைத்திருக்கும், இன்னொன்று ஆழம் போதாது. ‘சில’ என்று தொடங்கும் ஆப்ஷன் பெரும்பாலும் இப்படித்தான் வலுவற்றுப்போகும், ஏனென்றால் ‘சில’ என்பது இரண்டு மூன்றாகவும் இருக்கலாம். ‘பெரும்பாலும்’ என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இதே இ சரியான விடையாகும் இடமும் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

மிச்சம் ஆ-வும் ஈ-யும். இங்கேதான் வகுப்பு இரண்டாகப் பிரியும். ஒரு மாலை ஒரு பெண் விடாமல் கேட்டாள்:

“அக்கா, மழை கம்மின்னா தண்ணி கம்மியாத்தானே இருக்கணும்? அப்ப ஈ எதிராத்தானே போகுது?”

“எதுக்கு எதிரா?”

“தண்ணி கூடுச்சுங்கிறதுக்கு.”

“தண்ணி கூடுச்சா இல்லையான்னு யாரும் சண்டை போடலையேம்மா. அது நடந்த விஷயம், கேள்வியிலேயே கொடுத்துட்டான். ஏன் கூடுச்சுங்கிறதுதான் வழக்கு.”

அவளே மிச்சத்தைச் சொல்லிவிட்டாள். மழை குறைந்தும் நீர் கூடியிருக்கிறது என்றால் மழை காரணமாக இருக்க முடியாது. ஒரு போட்டிக் காரணம் களத்தை விட்டு வெளியேறிவிட்டது. தூர்வாரியதுதான் காரணம் என்ற கட்சி முன்பைவிடப் பலமாகிவிட்டது. ஆக ஈ வாதத்துக்குத் துணை நிற்கிறது. கேள்வி எழுதுபவர்கள் தெரிந்தேதான் இதைச் செய்கிறார்கள்: வலுப்படுத்தும் வரி ஒன்றை, பலவீனப்படுத்துவது போன்ற தொனியில் எழுதி நடுவில் வைத்துவிடுவார்கள். கொடுத்த ஆதாரம் வேறு, அதிலிருந்து எடுத்த முடிவு வேறு என்று பிரித்துப் பார்க்காதவர் அதில் விழுவார்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஈ-யில் ‘முந்தைய ஆண்டைவிடக் குறைவு’ என்பதற்குப் பதிலாக ‘வழக்கமான அளவே பெய்தது’ என்று இருந்தால்? அப்போது ஒன்றும் சொல்ல முடியாது. அதற்கு முந்தைய ஆண்டு மழை பொய்த்த ஆண்டாக இருந்திருந்தால், வழக்கமான மழையே அதைவிட அதிக மழைதான். வாதம் இரண்டு கோடைகளை ஒப்பிடுகிறது. எனவே ஆப்ஷனும் அந்த இரண்டு கோடைகளுக்கு முந்தைய மழைகளை ஒப்பிட வேண்டும். ஒப்பீட்டு வாதத்துக்கு எதிராக ஒப்பிடாத ஆப்ஷன் வந்தால் சந்தேகத்தோடு பாருங்கள்.

ஆ ஏன் சரி? ஊருணி நீர் எட்டாத இடத்திலும் அதே அளவு உயர்வு என்றால், தூர்வாரல் இல்லாமலேயே அந்த விளைவு நடக்கிறது. பொதுவான வேறொரு காரணம் இருக்க வேண்டும் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அந்தக் காரணம் எதுவென்று ஆ சொல்லவில்லை, சொல்ல வேண்டியதுமில்லை. ‘அதே அளவு’ என்ற இரண்டு சொற்களில்தான் அதன் பலம் இருக்கிறது. ‘தொலைவுத் தெருக்களிலும் கொஞ்சம் கூடியிருக்கிறது’ என்று இருந்தால், அந்தக் கொஞ்சம் பொதுக் காரணத்தால், மிச்சம் தூர்வாரியதால் என்று வாதம் தப்பித்துக்கொள்ளும்.

ஆனாலும் ஆ, வாதத்தைப் பொய்யாக்கிவிடவில்லை. தொலைவுத் தெருவில் ஒரு காரணம், பக்கத்துத் தெருவில் தூர்வாரல் என்று இரண்டும் தற்செயலாக ஒரே அளவில் நடந்திருக்கலாம். கேள்வி நம்மிடம் நிரூபணம் கேட்கவில்லை. முடிவை நம்புவது முன்பைவிடக் கடினமாகியிருக்கிறதா என்று மட்டும்தான் கேட்கிறது. ‘இதனால் முழுசா உடையலையே’ என்று சரியான விடையைத் தள்ளிவிடும் பிள்ளைகள் நிறையப் பேர். பட்டிமன்றம் பார்த்து வளர்ந்த ஊர் இது. 1939-இல் சா. கணேசன் கம்பன் கழகம் தொடங்கிய நாள் முதல் மேடையில் எதிரணியை முழுக்க மடக்குவதைப் பார்த்து ரசித்த பழக்கம் நமக்கு. அந்தப் பழக்கம் தேர்வறையில் இரண்டு விதமாகக் காலை வாரும். ஒன்று, பாதி அடி போதாது, முழு அடிதான் வேண்டும் என்று தேடுவது. இரண்டு, எதிர்க்கட்சிக்கு உதவும் எந்த வரியானாலும் நல்ல வரி என்று எடுத்துக்கொள்வது. செலவு இருமடங்கு என்பது மேடையில் கைதட்டல் வாங்கும். தேர்வில் அதற்கு மதிப்பெண் கிடையாது.

இனி முடிவு வரியை மாற்றுவோம். ஆதாரங்கள் அப்படியே இருக்கட்டும், ஆப்ஷன்களும் அப்படியே.

புதிய முடிவு: ‘ஆகவே, ஊருணியைத் தூர்வாரியதால் சுற்றுத் தெருக்களில் கிணறு வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் நீர் கூடியிருக்கிறது.’ இப்போது இ-யைப் படியுங்கள். சில கிணறுகளில் கூடவில்லை. ‘ஒவ்வொரு’ என்ற சொல்லை ஒரே ஒரு கிணறு கவிழ்த்துவிடும். சற்று முன் கணக்கிலேயே எடுக்காத ஆப்ஷன், இப்போது மறுபேச்சில்லாத விடை. ‘சில என்று வந்தால் தள்ளிவிடு’ என்று சொல்லித்தரும் சூத்திரம் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. முடிவு எவ்வளவு பெரிதாகப் பேசுகிறதோ, அதைக் கவிழ்க்க அவ்வளவு சிறிய ஆதாரம் போதும்.

இன்னொரு முடிவு: ‘ஆகவே, இந்த ஊருணிக்குத் திட்டமிட்ட செலவை வைத்துக் கணக்கிட்டு ஒதுக்கிய பணத்திலேயே மற்ற நான்கு ஊருணிகளையும் தூர்வாரி முடித்துவிடலாம்.’ இப்போது அ சிங்கம்போல் எழுந்து நிற்கிறது. முதல் ஊருணிக்கே திட்டமிட்டதைப் போல இருமடங்கு ஆனது என்றால், அதே கணக்கில் ஒதுக்கிய பணம் மற்றவற்றுக்கு எப்படிப் போதும்? செலவைப் பற்றிய ஆப்ஷன் ‘தலைப்புக்கு வெளியே’ என்று சொல்லிவிடுவது வகுப்பறைகளில் வாடிக்கை. முடிவில் பணம் இருந்தால் செலவு தலைப்புக்கு உள்ளேதான்.

‘ஆகவே இந்தத் தெருக்காரர்கள் இனிக் குடிநீர் லாரிக்குக் காத்திருக்க வேண்டாம், ஊருணிக்கே குடத்தோடு போகலாம்’ என்று முடித்தால் உ விடை. ‘ஆகவே, போன பருவத்தில் மழை கூடுதலாகப் பெய்ததுதான் காரணம், தூர்வாரியதற்கு இதில் பங்கில்லை’ என்று எதிராளி முடித்தால் ஈ விடை. ஐந்து ஆப்ஷனுக்கும் ஐந்து முடிவு கிடைத்துவிட்டது. எந்த ஆப்ஷனும் பிறவியிலேயே தவறானதில்லை. கேள்வித்தாளில் நான்கு தவறான விடைகளில் ஒன்றிரண்டாவது, வாதம் சொல்லாத ஆனால் சொல்லியிருக்கக்கூடிய இன்னொரு முடிவுக்குச் சரியான விடையாக இருக்கும். நாம் முடிவு வரியை மனதில் தளர்வாக வைத்திருந்தால், மனம் அந்த இன்னொரு முடிவுக்கு நழுவிவிடும். நழுவிய இடத்தில் பார்த்தால் அந்த ஆப்ஷன் சரியாகத்தான் தெரியும். அதனால்தான் ‘ரெண்டும் சரின்னு படுது’ என்ற நிலை வருகிறது. அந்த நிலை வந்தால் ஆப்ஷன்களை மூன்றாம் முறை படிப்பது வீண். மேலே போய் முடிவு வரியைப் படியுங்கள்.

அடுத்து, திட்டம் பற்றிய வாதங்கள். இவற்றில் ஒப்பீடு கொஞ்சம் வேறு மாதிரி. அதே பேரூராட்சி சொல்கிறது: ‘முதல் ஊருணியைத் தூர்வாரியதால் அக்கம்பக்கத்துக் கிணறுகளில் நீர் கூடியது. ஆகவே மற்ற நான்கு ஊருணிகளையும் தூர்வாரினால் அந்தந்தத் தெருக்களிலும் கிணற்று நீர் கூடும்.’ கடைசியில் மிஞ்சும் இரண்டு ஆப்ஷன்கள் இவை என்று வைத்துக்கொள்வோம்.

க) மற்ற நான்கு ஊருணிகளும் முதல் ஊருணியைவிடச் சிறியவை.
ச) மற்ற நான்கு ஊருணிகளுக்கும் மழைநீரைக் கொண்டுவந்த வரத்துக்கால்கள் தூர்ந்து, அவற்றின் மேல் வீடுகள் எழும்பிவிட்டன. முதல் ஊருணியின் வரத்துக்கால் மட்டும் திறந்திருக்கிறது.

இரண்டும் ‘அது வேறு, இது வேறு’ என்றுதான் சொல்கின்றன. இரண்டும் ஒப்புமையை உடைக்கப் பார்க்கின்றன. வேறுபாடு எங்கே என்றால், க-வை எடுத்துக்கொண்டு முடிவு வரை நடந்து பார்க்க வேண்டும். ஊருணி சிறியது. சரி. சிறியதானால் குறைவாக நீர் பிடிக்கும். சரி. குறைவாகப் பிடித்தால் கிணற்றில் கூடவே கூடாதா? கூடலாம், கொஞ்சமாக. முடிவு ‘இவ்வளவு கூடும்’ என்று அளவு சொல்லவில்லையே. க வாதத்தைத் தொட வேண்டுமானால், ‘அந்த அளவுக்கும் கீழே போனால் கிணற்றுக்கு ஒன்றுமே எட்டாது’ என்று நாமாக ஒரு வரி சேர்க்க வேண்டும். ச-வுக்கு அப்படிச் சேர்க்க வேண்டியதில்லை. தண்ணீர் வர வழியில்லாத குழியை எவ்வளவு ஆழமாகத் தோண்டினாலும், தலைக்கு நேரே விழுகிற மழையைத் தவிர வேறு எதுவும் அதில் சேராது. செட்டிநாட்டில் ஊருணியைப் பார்த்து வளர்ந்தவருக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. கரையும் படித்துறையும் கண்ணில் படும், வரத்துக்கால் கண்ணில் படாது. திட்டம் போடுபவர் மறந்துவிடுவதும் பெரும்பாலும் அதைத்தான்.

மிஞ்சும் இரண்டில் தேர்ந்தெடுக்க நான் சொல்லித்தரும் அளவுகோல் இதுதான்: எந்த ஆப்ஷன் முடிவைத் தொடுவதற்கு நீங்கள் கையிலிருந்து குறைவாகச் சேர்க்க வேண்டியிருக்கிறது? அதை எடுங்கள். ‘ஒருவேளை இப்படி இருந்தால், அப்படியானால், அதனால்’ என்று இரண்டு மூன்று படி ஏறித்தான் முடிவை எட்ட முடிகிறது என்றால் அந்த ஆப்ஷன் வலு குறைந்தது. புத்திசாலிப் பிள்ளைகள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள், ஏனென்றால் எந்த ஆப்ஷனுக்கும் அவர்களால் ஒரு கதை கட்டிவிட முடியும்.

இதே அளவுகோல் இன்னொரு வகை வாதத்தில் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். செட்டிநாட்டு வீடுகளின் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல். கண்ணாடிப் பலகை மேல் அச்சை வைத்து, நிறம் கலந்த சிமென்ட் குழம்பை ஊற்றி, மேலே மணலும் சிமென்டும் போட்டு அழுத்தி, காய்ந்தபின் தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. சூளையில் சுடுவதில்லை. கண்ணாடியை ஒட்டியிருந்த முகம்தான் பளபளப்பான மேல்முகம். இதைப் பற்றி ஒரு வாதம்: ‘செட்டிநாட்டுப் பழைய வீடுகளில் இன்று நாம் பார்க்கும் ஆத்தங்குடித் தரைகள் பல தலைமுறை கடந்தும் உறுதியாக இருக்கின்றன. ஆகவே ஆத்தங்குடிக் கல் பதித்த தரை பல தலைமுறைக்குத் தாங்கும்.’ மிஞ்சிய இரண்டு ஆப்ஷன்: ஒன்று, ‘தேய்ந்தும் விரிசல் விட்டும் போன பழைய ஆத்தங்குடித் தரைகளில் பெரும்பாலானவற்றை வீட்டுக்காரர்கள் எப்போதோ பெயர்த்து மாற்றிவிட்டார்கள்.’ இரண்டு, ‘ஆத்தங்குடிக் கல்லை நாள்தோறும் துடைத்துவந்தால்தான் மெருகு ஏறும்.’ இவை தேர்வுக்காக எழுதிய வரிகள், யாரும் கணக்கெடுத்துச் சொன்னவை அல்ல.

இரண்டாவது வரி நம் வீடுகளில் கேட்டுப் பழகியது, உடனே மனம் ஒப்பும். அதுதான் சிக்கல். உண்மை என்று தெரிந்த ஆப்ஷனை நோக்கிக் கை தானாகப் போகும். கேள்வி ‘எது உண்மையானால்’ என்றுதான் கேட்கிறது. ஐந்தையும் உண்மை என்று வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும். எது நமக்குப் பழக்கமான உண்மை என்பதற்கு மதிப்பெண் இல்லை. மெருகு என்பது முடிவில் இல்லாத சொல், முடிவில் இருப்பது தாங்குவது. முதல் வரியோ நேராக ஆதாரத்துக்கும் முடிவுக்கும் நடுவில் வந்து நிற்கிறது: நாம் இன்று பார்ப்பவை தாங்கியவை மட்டும்தான், தாங்காதவை கண்ணுக்கு முன் இல்லை. எஞ்சியதை மட்டும் பார்த்து எல்லாவற்றையும் பற்றி முடிவு கட்டும் இந்தக் குறை எல்லாத் தேர்விலும் திரும்பத் திரும்ப வரும். பழைய வீடு, பழைய பாலம், வெற்றி பெற்ற வியாபாரி, நூறு வயது வாழ்ந்தவர் என்று வேடம் மட்டும் மாறும்.

அளக்கும் பொருளை மாற்றிவிடும் வாதங்களையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குப் பின் கண்டாங்கி விற்கும் கடைகள் பெருகின, ஆகவே கைத்தறி நெசவாளர் வருமானம் உயர்ந்தது என்று ஒரு கேள்வி எழுதினால், ‘அந்தப் பெயரில் புதிய கடைகளில் விற்பவை பெரும்பாலும் வேறு ஊர் விசைத்தறியில் நெய்தவை’ என்ற ஆப்ஷன் போதும். கடை எண்ணிக்கை ஒரு பொருள், நெசவாளர் வருமானம் வேறு பொருள். ஆதாரத்தில் ஒரு சொல்லும் முடிவில் வேறு சொல்லும் இருந்தால் அந்த இரண்டுக்கும் நடுவில் விழும் ஆப்ஷனைத் தேடுங்கள்.

அடுத்து முறைகள். ஆப்ஷனைப் பார்க்கும் முன்பே விடையை யூகித்துக்கொள்வதா, ஐந்தையும் படித்துக் கழித்துக்கொண்டே வருவதா? இரண்டுக்கும் கட்சி இருக்கிறது. காரணம்-விளைவு வாதங்களில் யூகிப்பது நல்ல பலன் தரும், ஏனென்றால் அவற்றைத் தாக்கும் வழிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை: வேறு காரணம் உண்டு, காரணம் இருந்தும் விளைவு இல்லை, காரணம் இல்லாமலே விளைவு உண்டு, விளைவு என்று சொன்னதுதான் உண்மையில் காரணம், அளந்ததே தவறு. ஆனால் யூகித்த விடையே ஆப்ஷனில் இருக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். ஊருணிக் கேள்வியில் எல்லோரும் ‘மழை அதிகம் பெய்திருக்கும்’ என்று யூகிப்பார்கள். ஆப்ஷனில் மழை என்ற சொல்லைக் கண்டதும் ஈ-யைத் தொட்டுவிடுவார்கள். நான் பரிந்துரைப்பது, எங்கே இடைவெளி என்பதை மட்டும் ஒரு வரியில் மனதில் சொல்லிக்கொள்வது: ‘பின்னால் நடந்தது, அதனால் நடந்ததா?’ அவ்வளவு போதும். பிறகு கழித்துக்கொண்டே வரலாம்.

ஆப்ஷனை எதிர்மறையாக்கிப் பார்க்கும் முறை ஒன்று உண்டு. அது, வாதம் சொல்லாமல் நம்பியிருக்கும் அனுமானத்தைக் கண்டுபிடிக்கும் கேள்விக்கு உரியது. அதை இங்கே இழுத்துவந்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

எந்த முறைக்கு எவ்வளவு நேரம் கொடுப்பது என்பதைத் தேர்வுதான் முடிவு செய்யும். ஜிமேட் இப்போதைய வடிவத்தில் வெர்பல் பகுதி 45 நிமிடம், 23 கேள்வி. ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. அங்கே ஆப்ஷன்கள் மிகக் கவனமாகச் செதுக்கியவை. என் கணிப்பில் தவறான நான்கும் அநேகமாக வாதத்தைத் தொடவே தொடாது, எனவே ‘இரண்டும் பலவீனப்படுத்துகிறது’ என்று தோன்றினால் நீங்கள் ஒன்றைத் தவறாகப் படித்திருக்கிறீர்கள் என்று பொருள். ஒரு பகுதிக்குள் திரும்பிவந்து மூன்று விடைகள் வரை மாற்றிக்கொள்ளவும் வழி இருக்கிறது. கிளாட் வேறு உலகம்: 120 நிமிடத்தில் 120 கேள்வி, லாஜிக்கல் ரீசனிங்கில் ஒரு நீண்ட பத்தியைச் சுற்றிப் பல கேள்விகள். அங்கே வாதம் முழுப் பத்தியிலும் பரவிக்கிடக்கும், ஆப்ஷன்களில் உண்மையிலேயே ‘கொஞ்சம்’, ‘அதிகம்’ என்ற தரவேறுபாடு இருக்கும். எனவே கிளாட்டுக்குப் படிப்பவர் பத்தியைப் படிக்கும்போதே முடிவு வரியைக் குறித்துவைத்தாக வேண்டும். அதைச் செய்தால் பத்தியைத் திரும்பப் படிக்காமல் எல்லாக் கேள்விக்கும் அதையே அளவுகோலாக வைக்கலாம். கிளாட்டுக்குப் படிக்கும் பிள்ளை ஜிமேட் கேள்விகளில் பழகினால் நன்மைதான், கை கூர்மையாகும். ஆனால் கடைசி மாதத்தில் கிளாட் பத்திகளுக்கே திரும்பிவிட வேண்டும், அந்த வேகம் வேறு.

தவறுக்கு மதிப்பெண் கழிக்கும் தேர்வுகளில், இரண்டில் நிற்கும்போது விடுவதா தொடுவதா என்று கேட்பார்கள். கணக்கு எளிது. கிளாட்டில் சரிக்கு 1, தவறுக்கு 0.25 கழிப்பு. இரண்டில் ஒன்றைக் குருட்டாகத் தொட்டாலும் சராசரியாக 0.375 வரவு. ஐந்து ஆப்ஷனும் கால் மதிப்பெண் கழிப்பும் உள்ள வங்கித் தேர்வில் ஒன்றையும் கழிக்காமல் குருட்டாகத் தொட்டால் சராசரி பூஜ்யம், இரண்டாகக் குறைத்துவிட்டுத் தொட்டால் அதே 0.375. யு.பி.எஸ்.சி. முதல்நிலைத் தேர்வின் திறனறித் தாளான சிசாட்டில் கேள்விக்கு 2.5, தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு கழிப்பு. இரண்டாகக் குறைத்தபின் தொட்டால் சராசரி வரவு ஏறத்தாழ 0.83. ஆக, நியாயமான காரணத்தோடு மற்றவற்றைக் கழித்துவிட்டு இரண்டில் வந்து நிற்பவர் விடையை விடக் கூடாது. ஒருமுறை முடிவு வரியைப் படித்து, குறைவாகச் சேர்க்க வேண்டிய ஆப்ஷனைத் தொட்டுவிட்டு நகர வேண்டும்.

வீட்டில் பயிற்சி செய்ய, என்னிடம் வரும் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் வேலை ஒன்றுதான். ஒரு நாளைக்கு இருபது கேள்வி போடாதீர்கள், நான்கு போதும். விடையைச் சரிபார்த்தபின் நோட்டை மூடிவிடாமல், தவறான ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் பக்கத்தில், ‘வாதத்தின் முடிவு எப்படி இருந்திருந்தால் இது சரியான விடையாகியிருக்கும்?’ என்று ஒரு வரி எழுதுங்கள். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும். சில ஆப்ஷனுக்கு எவ்வளவு யோசித்தாலும் முடிவு கிடைக்காது, அவை வெறும் நிரப்பு வரிகள், அதையும் அப்படியே குறித்துவையுங்கள். கிடைப்பவற்றில்தான் விஷயம் இருக்கிறது. ஊருணிக் கேள்விக்கு ஒரு பையன் அ-வுக்குப் பக்கத்தில் எழுதியிருந்தான்: ‘கிணறு தோண்டுவதைவிடத் தூர்வாருவதே ஊருக்குச் சிக்கனம் என்று முடித்திருந்தால்.’ அதன் கீழேயே இன்னொரு வரியும் சேர்த்திருந்தான்: ‘ஆனால் கிணறு தோண்ட எவ்வளவு ஆகும் என்று சொல்லாததால் இது பாதி பலம்தான்.’

அந்த இரண்டாவது வரியை நான் சொல்லித்தரவில்லை.